பழைய கார், பஸ், பைக் பத்தின புக் சேக்கணுமா? குமரி மாவட்டத்துக்காரங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்

பழைய வண்டின்னா உசுரு, ஆனா ஒரு அம்பாசடர வாங்கி நிறுத்த முற்றமும் கெடையாது, பணமும் கெடையாதுன்னு சொல்லுற பசங்க நம்ம நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நெறைய பேரு உண்டு. அவங்களுக்குத்தான் இத எழுதுறேன். வண்டி இல்லாட்டி சாரமில்ல, வண்டிய பத்தின புக்க சேக்க ஆரம்பிங்க. பெரிய சைஸ்ல வழுவழு தாள்ல ரோல்ஸ் ராய்ஸ் படம் போட்டு வருமே அந்த புக் அவசரமே இல்ல, அது பத்து வருஷம் கழிச்சும் கெடைக்கும். ஒர்க்‌ஷாப் மேனுவல், பார்ட்ஸ் கேட்டலாக், வண்டியோட கூட குடுத்த ஓனர் கையேடு, பஸ் டைம் டேபிள், பழைய மோட்டார் பத்திரிகை, இதெல்லாந்தான் அவசரம். ஒரு ஆசான் ஒர்க்‌ஷாப்ப மூடுனாலோ வீட்டுல ஒரு பெரியவரு காலமானாலோ மொத சாக்குல கட்டி ஆக்கர் கடைக்கு, அதான் பழைய பேப்பர் கடைக்கு, போறது இதுதான், அங்க தராசுல ஏறிட்டா அப்புறம் அது திரும்பி வராது.

மொத வேலை, ஒரே ஒரு வண்டிய புடிங்க. "கார் புக் எல்லாம் சேக்கேன்"னு எறங்குனா ரெண்டு மாசத்துல அலமாரி நெறஞ்சிரும், ஒண்ணும் ஒண்ணோட சேராது. உங்க தாத்தா ஓட்டுனது, மாமா டாக்ஸிக்கு விட்டது, பக்கத்து வீட்டு சார் வச்சிருந்தது, இப்பிடி ஒரு சொந்தம் இருக்கிற வண்டியா பாத்து புடிச்சா படிக்கவும் ஆர்வம் வரும், சந்தேகம் கேக்கவும் ஆளு இருக்கும். அம்பாசடர்னா அதோட மூலம் இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3, மேற்கு வங்காளம் உத்தர்பாரால ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950கள் கடைசில இருந்து 2014 வரைக்கும் செஞ்சாங்க. அதனால பழைய மார்க் 1, மார்க் 2 வண்டிக்கு இங்க மேனுவல் கெடைக்கலன்னா இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்ட் மேனுவல் பெரும்பாலும் ஒத்து வரும், 1990கள்ல வந்த 1800 ஐ.எஸ்.இசட் இசுசு இஞ்சின் வண்டிக்கு அது சுத்தமா உதவாது. பத்மினின்னா ஃபியட் 1100, 1089 சி.சி. இஞ்சின், ஸ்டியரிங் பக்கத்துல கை கியர், பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி செஞ்சது, அதுக்கு ஃபியட் பேரு போட்ட புக்கும் பிரீமியர் பேரு போட்ட புக்கும் ரெண்டுமே தேடணும். புல்லட்டுன்னா 1955ல மெட்ராஸ்ல என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சதுல இருந்து ஒரு வரிசை, அதுக்கு முன்ன இங்கிலாந்து ரெட்டிச்ல அச்சடிச்ச புக்கு இன்னொரு வரிசை. மைசூர் ஜாவாவ புடிக்கிறவங்க 1960ல இருந்து தொடங்கலாம், பின்னால அதே கம்பெனி யெஸ்டின்னு பேரு மாத்துச்சு, 1996ல மூடிட்டாங்க. மெட்ராஸ் பக்கத்துல வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கெசலும் இருக்கு, இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்ட் தான் அதுக்கு அம்மா. இதுக்கு புக்கு கொறவு, அதனாலயே தேடுறதுல ஒரு தனி சொகம்.

வண்டி வேண்டாம், வரலாறுதான் புடிக்கும்ங்கிறவங்க ஒரு ரூட்ட புடிங்க. அதுக்கு நம்ம மாவட்டத்த மாதிரி ஒரு எடம் கெடையாது, ஏன்னு சொல்லுறேன். திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918லயே வந்துட்டு. அங்கிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் தண்டவாளம் வர 1979 ஆச்சு, திருநெல்வேலி லைன தொறந்தது 1981ல. அதுவரைக்கும் நம்ம ஆளுங்க கல்யாணத்துக்கு போனது, ஆஸ்பத்திரிக்கு போனது, காலேஜுக்கு போனது எல்லாமே ரோட்டு வழியாத்தான், அதனால நம்ம ஊரு போக்குவரத்து வரலாறுன்னா அது முக்காவாசி பஸ் வரலாறு. திருவிதாங்கூர் அரசு பஸ்ஸ 1938 பிப்ரவரி 20ல தொடங்குனாங்க, லண்டன் பஸ் நிர்வாகத்துல இருந்த சால்ட்டர்னு ஒரு ஆள அதுக்குன்னே வரவழைச்சு, காமர் கம்பெனி சேசிஸ, அதாவது பாடி கட்டாத வண்டிச் சட்டத்த, கப்பல்ல கொண்டாந்து எறக்கி, பெர்கின்ஸ் டீசல் இஞ்சினோட ஓட்டுனாங்க. அந்த காலத்துல எல்ல ஆரல்வாய்மொழில, நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போறது ஒரே ராஜ்யத்துக்குள்ள, திருநெல்வேலி போறதுதான் வேற சர்க்கார். 1956 நவம்பர் 1ல நம்ம மாவட்டம் மெட்ராஸ் மாநிலத்தோட சேந்ததும் எல்ல அப்பிடியே களியக்காவிளைக்கு மாறிட்டு.

இது புக் தேடுறவங்களுக்கு ரொம்ப முக்கியம், நல்லா கேட்டுக்கிடுங்க. 1956க்கு முந்தின காயிதம் எல்லாம் திருவனந்தபுரத்துல, திருவிதாங்கூர்ங்கிற பேருல இருக்கும். 1956க்கு பொறவுள்ளது சென்னைல இருக்கும். ஆனா தனியார் பஸ் காலம், 1974ல வந்த கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம், 1983ல நமக்குன்னு நாகர்கோவில்ல வந்த நேசமணி போக்குவரத்துக் கழகம், இதோட காயிதம் பாதி ஆளுங்க வீட்டு பரண்ல கெடக்கு. தமிழ்ல மட்டும் தேடுனாலோ "கன்னியாகுமரி மாவட்டம்"னு மட்டும் தேடுனாலோ ஒண்ணும் ஆம்புடாது, பழைய பேரான கேப் கொமரின், தெற்கு திருவிதாங்கூர்னு இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும் தேடணும். நாகம் அய்யா எழுதுன திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல், இது வண்டி மேனுவல் இல்ல, ராஜ்யத்த பத்தின வெவரத் தொகுப்பு, 1906ல வந்தது, வேலுப்பிள்ளை எழுதுனது 1940ல வந்தது, ரெண்டுலயும் ரோடு, கால்வாய் பத்தி சேதி இருக்கு, ஸ்கேன் பண்ணுன பிரதி இணையத்துல இலவசமாவே கெடைக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு படிச்சாலே போதும், மாட்டுவண்டி காலத்துல இருந்து மோட்டார் காலம் வரைக்கும் ஒரு கோடு தெரியும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், அதான் நம்ம ஏ.வி.எம். சானல், மண்டைக்காடு பக்கம் தூந்து கெடக்கே, அத எதுக்கு வெட்டுனாங்கன்னும் அப்ப புரியும்.

அடுத்து, எத்தன வக புக் இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுங்க. கம்பெனியே அச்சடிச்ச ஒர்க்‌ஷாப் மேனுவல் தான் ராஜா, அது டீலர்கிட்டயும் ஒர்க்‌ஷாப்லயும் மட்டும் இருந்தது, கடைல விக்கல. பார்ட்ஸ் கேட்டலாக் அதுக்கு அடுத்தது, ஒவ்வொரு நட்டு போல்ட்டும் பிரிச்சு வச்ச படம் இருக்கும், பார்ட் நம்பர் இருக்கும். ஓனர் கையேடு சின்னது, ஆனா வண்டிய வித்தப்போ கூட போயிருக்கும், அதனால அபூர்வம். அப்புறம் ஹேன்ஸ் மேனுவல்னு சொல்லுவாங்களே, 1966ல ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டுக்கு மொத புக் வந்தது, ஒரு வண்டிய முழுசா பிரிச்சு திரும்ப பூட்டி அத படம் எடுத்து போடுறதுதான் அவங்க மொற, புதுசா வர்றவனுக்கு கம்பெனி மேனுவல விட இதுதான் லேசா புரியும். பத்திரிகைக்காரங்க வண்டிய ஓட்டிப் பாத்து எழுதுன ரோட் டெஸ்ட்டுகள தொகுத்து போட்ட புக்கு, பாக்கெட் சைஸ்ல வருஷா வருஷம் கார் படம் போட்டு வந்த அப்சர்வர்ஸ் வரிசை, ரயில் பிரியர்களுக்கு 1942ல இருந்து வந்த இயன் ஆலன் ஏ.பி.சி. குட்டி புக்குங்க, இதெல்லாம் கொறஞ்ச காசுல தொடங்க ஏத்தது. இங்கிலாந்து புக்குகள்ல வின்டேஜ்னா 1919ல இருந்து 1930 வரைக்கும் உள்ள வண்டி மட்டும்தான், அதுக்கு முந்தினது எட்வர்டியன், அதுக்கும் முந்தி 1905க்கு முன்னால உள்ளது வெட்டரன். நம்ம ஊருல 1980 மாடல் பத்மினியவும் வின்டேஜ்ங்காங்க, பேச்சுக்கு கொள்ளாம், புக் வாங்குறப்போ தலைப்ப மட்டும் நம்பிராதீங்க.

இனி எங்க தேடுறது. மொத எடம் ஆக்கர் கடைதான், வேற எங்கயும் இல்ல. வடசேரி, கோட்டார், தக்கலை, மார்த்தாண்டம்னு ஒவ்வொரு பக்கமும் பழைய பேப்பர் எடுக்கிற கடைங்க இருக்கு, நேரா போயி "அண்ணாச்சி, கார் பைக் பஸ் சம்பந்தமா எந்த புக் வந்தாலும் கிழிஞ்சதா இருந்தாலும் ஒரு ஓரமா எடுத்து வைங்க, கிலோ வெலைக்கு மேல நான் தாறேன்"னு சொல்லி நம்பர குடுத்துட்டு வாங்க. ஒரு தடவ சொன்னா மறந்துருவாங்க, இடைக்கிடைக்கு போயி தலைய காட்டணும், ஒண்ணும் இல்லாட்டியும் ஒரு டீ குடிச்சுட்டு வரணும். ரெண்டாவது பழைய ஒர்க்‌ஷாப். அங்க போயி "மேனுவல் விக்கிறீங்களா"ன்னு எடுத்த எடுப்புல கேட்டா எந்த ஆசானும் தர மாட்டாரு, அது அவரு தொழில் கத்த புக்கு. மொதல்ல உக்காந்து கத கேளுங்க, போட்டோ எடுத்துக்கிடட்டான்னு கேளுங்க, குடுக்கணும்னு தோணிச்சுன்னா அவரே குடுப்பாரு. ரிட்டயர்டு டிரைவர் கண்டக்டர் மாமாமாருட்டயும் இதே மொறதான், டைம் டேபிளு, சார்ட்டு, டிக்கெட் கட்டு, யூனியன் மலருன்னு பெட்டிக்குள்ள என்னெல்லாமோ வச்சிருப்பாங்க.

ஊருக்கு வெளிய போனா திருவனந்தபுரம் பாளையத்துல ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி இருக்கு, 1829ல தொடங்குனது, வாங்க முடியாட்டியும் உக்காந்து படிக்கலாம். சென்னைல பழைய மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு, அதுல இருந்த புக் கடைங்க சென்ட்ரல் பக்கத்துல அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல இருக்கு, சென்னைக்கு வேற வேலையா போறவங்க ஒரு மதியத்த அங்க ஒதுக்குங்க. கன்னிமாரா லைப்ரரியும் ரோஜா முத்தையா நூலகமும் படிக்கிறதுக்கு. ஆன்லைன்ல வாங்குறது கடைசி வழி, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா தபால் செலவு புக்கு வெலய தாண்டிரும். இன்னொண்ணு, ஆன்லைன்ல "பழைய புக்கின் மறுபதிப்பு"ன்னு நல்ல அட்டையோட வெல போட்டு விக்கிறதுல பல புக்கு இணையத்துல சும்மா கெடக்கிற ஸ்கேன அப்பிடியே பிரின்ட் எடுத்ததுதான், மடிச்சு வச்ச வரைபடம் எல்லாம் பாதியா மடங்கி ஸ்கேன் ஆயிருக்கும், வாங்குறதுக்கு முன்ன அதே தலைப்ப இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இலவச இணைய நூலகத்துல தேடி பாத்துருங்க.

கையில ஒரு மேனுவல் கெடச்சா அட்டைய பாக்காதீங்க, பின்னால பாருங்க. வயரிங் டயகிராமும் லூப்ரிகேஷன் சார்ட்டும் மடிச்சு வச்ச பெரிய தாளா கடைசில தான் ஒட்டியிருப்பாங்க, ஒர்க்‌ஷாப்ல அதத்தான் மொத கிழிச்சு செவுத்துல ஒட்டிருப்பாங்க, அது இல்லன்னா வெல பாதிதான். அப்புறம் முன்பக்கம் அச்சடிச்ச வருஷத்தையும் எத்தனாவது பதிப்புங்கிறதையும் பாருங்க, புக்குக்குன்னு உலக அளவுல குடுக்கிற ஐ.எஸ்.பி.என். நம்பர் இருந்துச்சுன்னா அது 1970 வாக்குலயோ அதுக்கு பொறவோ அச்சானது, அதுல 1958னு போட்டிருந்தா மறுபதிப்புன்னு அர்த்தம். சேசிஸ் நம்பர் எதுல இருந்து எதுவரைக்கும் இந்த புக் பொருந்தும்னு ஒரு வரி இருக்கும், அத வுட்ராதீங்க. கிரீஸ் கறைய பாத்து வெல கொறைக்கலாம், ஆனா கறைக்காக வேண்டாம்னு வச்சிராதீங்க. பாயின்ட் கேப், அதாவது இஞ்சின் பாயின்டோட இடைவெளி, 15 தவ்வுன்னு (ஒரு தவ்வுன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) அச்சுல இருக்கிற எடத்துல ஓரமா பென்சில்ல 0.38 மி.மீ.ன்னு எழுதி கீழ கோடு போட்டிருக்கும், பக்கத்துலயே பெருவெரல் ரேகை கருப்பா பதிஞ்சிருக்கும், அந்த மாதிரி பக்கம் எனக்கு புது புக்க விட பெருசு, ஏன்னா அங்க ஒரு ஆளு இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ கையில வச்சுக்கிட்டு அந்த வண்டிய நெசமாவே சரி பண்ணிருக்காரு.

படிக்கிறப்போ மூணு எடத்துல கவனமா இருங்க. இங்கிலாந்து புக்குல காலன்னா 4.546 லிட்டர், அமெரிக்க புக்குல 3.785 லிட்டர், மைலேஜ் கணக்க அப்பிடியே ஒப்பிட்டா எல்லாம் தப்பா வரும். பழைய கார் பேருல வர்ற நம்பர், ஆஸ்டின் செவன், மாரிஸ் எய்ட், ஹிந்துஸ்தான் டென், இதெல்லாம் இஞ்சினோட உண்மையான குதிர சக்தி கெடையாது, இங்கிலாந்துல வரி போட சிலிண்டர் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வச்சு கணக்கு போட்ட நம்பர், நெச சக்தி அதவிட ரொம்ப கூட இருக்கும். அமெரிக்க கார்னா 1972க்கு முந்தி உள்ள பவர் கணக்கு இஞ்சின மட்டும் தனியா வச்சு அளந்தது, அதுக்கப்புறம் எல்லாம் பூட்டுன நெலைல அளந்தது, அதனால பழசு பெருசா தெரியும்.

இப்ப எனக்கு ரொம்ப கவலையான விஷயத்துக்கு வாறேன், பாதுகாப்பு. நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, வருஷத்துல பாதி நாளு காத்துல ஈரம்தான், அதோட கடக்காத்து. பழைய பத்திரிகைய எடுத்தா நடுவுல ஸ்டேப்பிள் பின் துருப்பிடிச்சு தாள தின்னிருக்கும், பழுப்பு கறை ரெண்டு மூணு பக்கத்துக்கு எறங்கியிருக்கும். அத அப்பிடியே விட்டா பின் இருக்கிற எடம் ஓட்டையாயி நடுத்தாள் கழண்டு வந்துரும். பத்திரிகைய நடுப்பக்கத்துல விரிச்சு வச்சு, பின்னோட மடிஞ்ச காலுக்கு அடில ஒரு துண்டு பழைய எக்ஸ்ரே ஃபிலிம சொருகி, மழுங்குன சின்ன கத்தியால பைய நிமித்தணும், ரெண்டு காலும் நேரானப்புறம் திருப்பி போட்டு முதுகுப்பக்கம் இருந்து இழுக்கணும். துரு ரொம்ப ஏறி ஒட்டிருந்தா இழுக்காதீங்க, ஒடச்சு துண்டு துண்டா புருவம் புடுங்குற குறடால எடுங்க. மிச்ச துருவ காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டு, அதே ஓட்ட வழியா பருத்தி நூல கோத்து உள்பக்கம் முடிச்சு போட்டா முடிஞ்சுது. செல்லோடேப் எந்த காலத்துலயும் ஒட்டாதீங்க, அந்த பசை மஞ்சளாயி தாளுக்குள்ள எறங்கிரும். லேமினேஷனும் வேண்டாம்.

அலமாரி ஸ்டீல்ல இருக்கட்டும், வெளிச்செவுத்த ஒட்டி வைக்காதீங்க, ஒரு கை எட தள்ளி வைங்க, மழைக்காலத்துல செவுத்து ஈரம் அப்பிடியே புக்குல எறங்கும். கீழ்த்தட்ட காலியா விடுங்க, கரையான் மொத அங்கதான் ஏறும். வசம்பு, காஞ்ச வேப்பிலை துணில கட்டி வைக்கிறது நம்ம பாட்டிமாரு செஞ்சது, அது நல்லதுதான், ஆனா எல தாள்ல படாம இருக்கணும். ஆக்கர் கடைல இருந்து வர்ற புக்க நேரா அலமாரில ஏத்தவே கூடாது, ராமபாணப் பூச்சியும் முட்டையும் கூடவே வரும். வெயில்ல காய வச்சா தாள் முறுகிரும், நெழல்ல காத்தாட ரெண்டு மூணு நாளு விரிச்சு வைங்க, அப்புறம் பாலித்தீன் கவர்ல காத்து போகாம கட்டி ஃபிரீசர்ல ஒரு வாரம் போட்டு எடுங்க. எடுத்த உடனே கவர பிரிக்காதீங்க, வெளிய வச்சு ஜில்லு போன பொறவு பிரிங்க, இல்லாட்டி தாள்ல தண்ணி முத்து கட்டிரும்.

புக்கோட சேந்து சின்ன சாதனங்க வந்து சேரும், வேண்டாம்னு சொல்லாதீங்க. பஸ் டிக்கெட், கம்பெனி பேட்ஜ், சாவி வளையம், டீலர் காலண்டர், இங்கிலாந்துல டிங்கிங்கிற பேருல வந்த பொம்ம கார். டிங்கி அச்சுகள வாங்கி கல்கத்தால நிக்கி டாய்ஸ்னு செஞ்சு வித்தாங்க, அடிப்பக்கம் எழுத்த பாத்தா தெரியும், அது நம்ம நாட்டு சரித்திரம், இங்கிலாந்து பொம்மைய விட மட்டம்னு நெனைக்காதீங்க. ஆனா பொம்மைக்குள்ள ரொம்ப எறங்கிட்டீங்கன்னா புக்குக்கு காசு மிஞ்சாது, அத மட்டும் சொல்லி வச்சிருறேன்.

இந்த காயிதமெல்லாம் வெறும் ஆசைக்குன்னு யாரும் சொன்னா இத சொல்லுங்க. 2021ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்கு தனி பதிவு கொண்டாந்தாங்க, 50 வருஷத்துக்கு மேலான டூவீலரும் காரும், மூல ரூபம் மாறாம இருந்தா வி.ஏ.ன்னு எழுத்து வர்ற தனி நம்பர், புதுப்பதிவுக்கு கட்டணம் 20,000 ரூபா. மூல ரூபம் எதுன்னு காட்ட என்ன வேணும்? அந்த வருஷத்து கேட்டலாக்கும் மேனுவலும்தான் வேணும். நம்ம மாவட்டத்து டி.என். 74, டி.என். 75 ஏரியால ஷெட்டுக்குள்ள கெடக்கிற எத்தனையோ வண்டிக்கு ஓனர் இருக்காரு, காயிதம் இல்ல.

கடைசியா கணக்கு. ஒரு நோட்டு போடுங்க, புக்கு பேரு, வருஷம், எந்த மாடலுக்கு, எந்த பக்கம் இல்ல, யாருட்ட இருந்து வந்துச்சு, அவரு அந்த வண்டிய எங்க ஓட்டுனாரு, இத எழுதி வைங்க, புக்குக்குள்ள பென்சில்ல மட்டும் ஒரு சின்ன நம்பர் போடுங்க. டைம் டேபிள், சார்ட்டு மாதிரி ஒத்த பிரதி காயிதத்த கெடச்ச அன்னைக்கே போன்லயாவது போட்டோ எடுத்து ரெண்டு எடத்துல சேத்து வைங்க. புக்க முழுசா ஸ்கேன் பண்ணி இணையத்துல போடணும்னா எழுதுனவரு எறந்து 60 வருஷம் ஆயிருக்கணும், அதுவரைக்கும் காப்புரிமை உண்டு. இரவல் கேட்டா புக்க குடுக்காதீங்க, வீட்டுக்கு வரச்சொல்லி உக்கார வச்சு, வேண்டிய பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து குடுத்து விடுங்க.